ஒரு கிள்ளு, இரண்டு கிள்ளு

என் மகளின் இடது கையில், முழங்கைக்குச் சற்று மேலே, நான்கு நகக்குறிகள் இருக்கின்றன. வைத்தவள் நான்தான். கார் ஓட்டப் பழகுகிறேன் என்று போன வாரம் அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடையாறு பாலத்தில் ஏறினாள். எதிரே ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி, நடுவில் என் ஒரே மகள். அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். பாலத்தை விட்டு இறங்கியதும், "அம்மா, கைய விடும்மா, கியர் மாத்தணும்" என்றாள். அப்போதுதான் நான் பிடித்திருந்த பிடியே எனக்குத் தெரிந்தது. அன்று முதல் தெருவில் எந்த வண்டி பிரேக் போட்டாலும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். அவளோ சிநேகிதிகளிடம் கையைக் காட்டிச் சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும். இதே போன்ற குறிகளை இன்னொருவர் கையில் வைத்துவிட்டு நானும் சிரித்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது.

சண்டை முடிந்து, பர்மாவில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா சாந்தோமில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். வந்த சில மாதங்களில், கையில் இருந்ததையெல்லாம் போட்டு, அமெரிக்கப் பட்டாளம் விட்டுப் போன வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். முன்னால் ஒரே நீள இருக்கை, பின்னால் சாமான் ஏற்ற மூடாத தட்டு. பிக்-அப் என்று சித்தப்பா சொன்னார். பச்சை பெயிண்ட் உரிந்து, ஒரு பக்க விளக்கு இல்லாமல், எண்ணெயும் கருகிய ரப்பரும் கலந்த வாசனையோடு அது எங்கள் வேப்பமரத்தடியில் வந்து நின்று, நின்ற பிறகும் சிறிது நேரம் நடுங்கியது. வீட்டில் அதற்குப் பட்டாளம் என்றே பெயர் வந்துவிட்டது. எனக்கு உலகத்தில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பட்டாளத்துக்கு ஊரிலில்லாத குணங்கள். முதலாவது, ஸ்டியரிங் இடது பக்கம். சித்தப்பா நடைபாதையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுவார்; நடுத்தெருவைப் பார்க்க வலது பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். வலது பக்கம் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவது என் வேலை. மாட்டு வண்டிக்காரர்கள் என் வளையல் கையைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். அப்போது நான் அடைந்த பெருமையைப் பிறகு எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் அடையவில்லை.

இரண்டாவது, ஸெல்ஃப். என்ஜினைக் கிளப்பக் காலால் மிதிக்கிற பொத்தான் அது. மனம் இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் இருமிவிட்டுப் படுத்துவிடும். அப்போது சித்தப்பா முன்னால் போய், இரும்புக் கைப்பிடியை வண்டியின் மூக்குக்குக் கீழே செருகிச் சுற்றுவார். சோக் கம்பி இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்காது. அம்மாவின் துணிக்கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மாட்டினால்தான் நிற்கும். இரண்டாவது கியர் போட்ட கொஞ்ச நேரத்தில் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். அதனால் சித்தப்பா கியரைப் போட்டதும், குண்டு மாதிரி இருந்த அதன் தலையை நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது என் உள்ளங்கைக்குள் கோழிக்குஞ்சு போலத் துடிக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்னால் ஒரு வேட்டு. கச்சேரி ரோட்டில் ஒரு தடவை அந்த வேட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் கடைக்குள் ஓடிவிட்டார். அந்தக் கதையை எங்கள் பள்ளியில் நான் சொல்லாத ஆளில்லை.

இவ்வளவுக்கும் மேலே கிள்ளு. வண்டிக்குள் பேசினால் ஒன்றும் கேட்காது, கத்தாதே, கிள்ளு என்று முதல் நாளே சித்தப்பா சொல்லிவிட்டார். பின்னால் யாராவது ஹாரனோ மணியோ அடித்தால் ஒரு கிள்ளு. என்ஜின் கீச்சென்று கத்தினால் இரண்டு கிள்ளு. உடனே கியரை மாற்றுவார். நிறுத்த வேண்டுமென்றால் விடாமல் ஒரே கிள்ளு. பெரியவர் ஒருவரைக் கிள்ளலாம், அதற்கு அடி விழாது, மாறாக "சபாஷ் பாப்பா" என்று பாராட்டு கிடைக்கும் என்றால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? சித்தப்பாவின் வலது புஜம் எப்போதும் கன்றிப்போயிருக்கும். அவர் ஓட்டும்போது அந்தக் கையை அடிக்கடி முன்பலகையின் மேல் விரித்து வைத்துக்கொள்வார். தெருப் பையன்கள் "தோ பார்ரா, வண்டிக்கு நாடி பாக்குறாரு" என்று கேலி செய்வார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். எனக்கு அது பெரிய கம்பீரமாகத் தெரியும்.

அப்பாவுக்கு அது கம்பீரமாகத் தெரியவில்லை. "மூணு தபா கூப்ட்டேன். திரும்புறானா பாரு. பட்டாளத்துக்குப் போயி திமிர ஏத்திக்கினு வந்துக்கிறான்" என்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் சித்தப்பா திரும்ப மாட்டார் என்பது உண்மைதான். மாதா கோயில் பூசையில் எல்லாரும் முழந்தாளிட்ட பிறகு ஒரு நொடி கழித்துத்தான் அவர் முழந்தாளிடுவார். அதுவும் திமிர்க் கணக்கில் சேர்ந்தது.

பெரிய திமிர் ஒன்று வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் அப்பா கெஞ்சிக் கூத்தாடி சித்தப்பாவுக்கு ஒரு வேலை பிடித்துவிட்டார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. டெலிபோன் வந்தால் எடுத்துப் பேசி, யாருக்கென்று கேட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "வேணாண்ணே" என்றார்.

"ஏன் வேணாம்?"

"எனக்கு வண்டி போதும்."

"வண்டி சோறு போடுதா? எண்ணெய் குடிச்சிக்கினு மரத்தடியில நிக்குது." அப்பா இலேசில் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்று உயர்த்தினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை வாங்க ஆள் வரும், திங்கட்கிழமை சித்தப்பா கம்பெனிக்குப் போக வேண்டும், அதற்குள் வண்டிக்கு நிரந்தரமாக ஒரு வேலை கிடைத்தால் அப்பா வாயை மூடிக்கொள்வாராம். சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய் வேப்பமரத்தடியில் வண்டியின் படியில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். பட்டாளத்தை விற்றுவிட்டால் நான் செத்துப்போய்விடுவேன் என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானுந்தான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அதிர்ஷ்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் இருந்த கல்யாணச் சமையல்காரர் அவர். மறுநாள் தியாகராய நகரில் முகூர்த்தம்; அன்று சாயங்காலமே மாப்பிள்ளை அழைப்பு. பாத்திரம் ஏற்றுகிற மாட்டு வண்டிக்காரன் மாட்டுக்குச் சுகமில்லை என்று கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான்.

"சாயங்காலம் ஜானவாசத்துக்கு டிபன் போட்டாகணும். மத்தியானத்துக்குள்ள அடுப்பு மூட்டலேன்னா என் மானம் போயிடும். உன் வண்டி நடுவுல நின்னுடாதே?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"நிக்காது சாமி."

"நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டேன்னா, இந்தத் தை மாசி பூரா என் கல்யாணத்துக்கெல்லாம் நீதான். நின்னுதுன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ஆபீசுக்குப் போயிருந்தார். அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாக்கா, பொட்டப் புள்ளய லாரியில ஏத்தி அனுப்புற? அதுவும் பாண்டி பஜார் வரைக்கும்" என்று அம்மாவைக் கேட்டார். நியாயமான கேள்வி. மீனில் முள்ளெடுத்துக் கொடுக்காமல் என்னைச் சாப்பிட விடாதவள் அம்மா. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் கணுக்காலுக்கு மேல் அலை என்னைத் தொட்டதில்லை. அந்த அம்மா, "போய்ட்டு வரட்டும்" என்றாள். பிறகு வண்டியருகே வந்து என் பின்னலை அவிழ்த்து, நெற்றி வலிக்கும்படி இழுத்து மறுபடி பின்னினாள். சித்தப்பாவுக்கு எதிரே போய் நின்று, "பாப்பா இல்லாம எங்கியும் வண்டிய எடுக்காதீங்க தம்பி" என்றாள். சித்தப்பா தலையசைத்தார். அம்மா சொல்லி அவர் கேட்காமல் போனதாக எனக்கு நினைவே இல்லை.

குளத்தங்கரையில் பாத்திரங்கள் ஏறின. அண்டாக்கள், தவலைகள், வெண்கலப் பானைகள், ஓர் ஆள் உயரக் கரண்டிகள். எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிய பித்தளை அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி சமையல்காரர் உட்கார்ந்தார். அது அவருடைய அப்பா காலத்து அண்டாவாம். ஸெல்ஃப் முதல் மிதியிலேயே பிடித்தது. சோக்குக்குக் கிளிப், முதல் கியர், இரண்டாவது கியர். என் இரண்டு கையும் கியரின் தலைமேல். பின்னால் அத்தனை பாத்திரமும் ஒரே தாளத்தில் அதிர, ஊரே திரும்பிப் பார்க்க, பட்டாளம் கச்சேரி ரோட்டில் புறப்பட்டது. நான் ஒரு கிள்ளு கிள்ளினேன். சைக்கிளுக்கு வழி விட்டார். இரண்டு கிள்ளினேன்; கியரை மாற்றினார். எல்லாம் அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பாடினேன் என்றுகூட நினைவு.

லஸ் முனையில் ஒரு கைரிக்ஷா குறுக்கே வந்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒரு வேட்டு. பட்டாளம் ஒரு குலுக்கலோடு நின்றது. நின்ற இடம் டிராம் தண்டவாளத்தின் மேல்.

ஸெல்ஃபை மிதித்தார். இருமியது. மறுபடி மிதித்தார். அதுவும் இல்லை. இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு இறங்கி, முன்னால் போய்க் குனிந்து சுற்றத் தொடங்கினார். அப்போது மணி கேட்டது.

டிராம் வந்துகொண்டிருந்தது. என் ஜன்னல் பக்கமாக, நேராக என்னைப் பார்த்து. ஓட்டுகிறவர் காலால் மணியை விடாமல் மிதித்துக்கொண்டு, கையால் பிரேக் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். டிராமின் முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்து சமையல்காரர் "அடேய், டிராம்டா, டிராம்டா" என்று அலறினார். வெற்றிலைக் கடைக்காரர் கத்தினார். ரிக்ஷாக்காரர் கத்தினார். நான் "சித்தப்பா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

சித்தப்பா குனிந்தபடி, டிராமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் தைரியத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. இதை இன்று எழுதும்போது வேறு காரணத்துக்காகப் புல்லரிக்கிறது. ஊரே அலறுகிறது, இந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டாளத்துக்காரர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. மணி கேட்டால் கிள்ள வேண்டும். இருக்கையிலிருந்து அவர் கை எட்டாது. கதவைத் திறந்து குதித்தேன். டிராம் வருகிற பக்கத்தில்தான் குதித்தேன். எனக்கு அந்தக் கதவுதான் தெரியும். ஓடிப்போய் அவர் புஜத்தில் என் பத்து விரலும் பதியும்படி கிள்ளிப் பிடித்துக்கொண்டேன். விடாத கிள்ளு.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரே வாரலில் என்னைத் தூக்கி வண்டிக்குள் எறிந்தார், தாவி ஏறினார், முதல் கியரைப் போட்டு ஸெல்ஃபை மிதித்தார். என்ஜின் பிடிக்கவில்லை. ஆனால் கியரில் இருந்ததால் ஸெல்ஃபே வண்டியைப் பிடித்து இழுத்தது. வயிற்று வலிக்காரன் போல முனகிக்கொண்டு பட்டாளம் ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு முழம். இன்னொரு முழம். பின் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கிய குலுக்கலில் அப்பா காலத்து அண்டா சமையல்காரரின் அணைப்பிலிருந்து நழுவி, தட்டைத் தாண்டி, தெருவில் விழுந்து உருண்டு, தண்டவாளத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. டிராம் அதைக் கோயில் மணி போல ஒரு தரம் அடித்துவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து, நின்றது.

 பிறகு டிராம்காரர் இறங்கி வந்தார்.  சித்தப்பாவின் ஜன்னலருகே நின்று, "யோவ், இன்னாய்யா நீ? எம்மா நேரமா மணி அட்சிகினு வர்றேன்? காது செவுடா உனக்கு?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இருக்கையின் மேல் ஏறி நின்றுகொண்டு, "எங்க சித்தப்பா ஒண்ணும் செவுடு இல்ல. பட்டாளத்துல இருந்தவரு. அவருக்குப் பயமே கெடயாது" என்றேன்.

டிராம்காரர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "கொய்ந்தய வச்சிகினு..." என்று தொடங்கியவர் முடிக்காமல் திரும்பிப் போய்விட்டார். சித்தப்பா முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்லிட்டுப் போறான் பாப்பா?" என்று கேட்டார்.

நான் அவருடைய மனம் நோகக் கூடாது என்று நினைத்தேன். அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, "வண்டி நல்ல வண்டின்னு சொல்றாரு" என்றேன்.

சித்தப்பா சிரித்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணீர் வருமளவுக்குச் சிரிக்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு என்ன, வெற்றிலைக் கடைக்காரரும் ரிக்ஷாக்காரரும் தள்ளினார்கள், பட்டாளம் பிடித்துக்கொண்டது. நசுங்கிய அண்டாவை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு சமையல்காரர், "எங்கப்பா போன அன்னிக்குக்கூட நான் இப்படி அழலைடா" என்று தேனாம்பேட்டை வரை சொல்லிக்கொண்டே வந்தார். மவுண்ட் ரோட்டைக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே என் கையை முழுவதுமாக நீட்டினேன். ஒரு வெள்ளைக்காரன் கார் எனக்காக நின்றது. பனகல் பார்க் தாண்டிக் கல்யாண வீட்டு வாழைமரம் தெரிந்தபோது இன்னும் மத்தியானம் ஆகவில்லை. அடுப்பு மூட்டிய கையோடு சமையல்காரர் எனக்கு ஒரு பிடி முந்திரி கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பாவிடம், "நாளைக்கு ராத்திரி பாத்திரம் திரும்பணும். வியாழக்கிழமை அபிராமபுரத்துல ஒரு சீமந்தம். வந்துடு" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வந்துடு. நீ இருந்தாத்தான் இந்தப் பிரகிருதி தேவலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டி வாங்க வந்தவரை அப்பாவே திருப்பி அனுப்பினார். டெலிபோன் நாற்காலி யாரோ ஒருவருக்குப் போயிற்று.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலத்தைத்தான் சொல்ல வேண்டும். பட்டாளம் தெருமுனை திரும்பும்போதே அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் நின்ற அதே இடம். நான் இறங்கி, டிராம், அண்டா, வெள்ளைக்காரன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா என்னைத் தலையிலிருந்து பாதம் வரை தடவிப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவுக்குத் தட்டு வைத்தாள். வைத்ததும் வழக்கம்போலத் தரையில் காலால் ஒரு தட்டு தட்டினாள். அவர் நிமிர்ந்து பார்த்து வந்து உட்கார்ந்தார். அவர் கையில் நீலம் பாரித்துப் பத்துக் குறிகள் இருந்தன. அம்மா அது என்ன என்று கேட்காமல் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் எடுத்துத் தடவிக்கொண்டார்.

சித்தப்பாவுக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரிந்தது என் கல்யாணத்தின்போது. காதில் மிஷின் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பர்மாவில் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து, ஒரு காது முழுக்கப் போய், மறு காதில் எதிரே நின்று பேசினால் மட்டும் ஏதோ கேட்கும்படி ஆகிவிட்டதாம். மீதியை உதட்டைப் பார்த்தும், வண்டியைக் கையால் தொட்டுப் பார்த்தும் சமாளித்தாராம். தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், வண்டி போய்விடும், டெலிபோன் நாற்காலியில் உட்கார்ந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். "உங்கப்பனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது பாப்பா. உங்கம்மாவுக்கு நான் வந்த அன்னிக்கே தெரிஞ்சிப்போச்சு" என்றார். அப்போது அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவளிடம் கேட்க எனக்கு வழியில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த மாதங்களில் பள்ளியில் சிஸ்டர் என் விரல்களைப் பார்த்துவிட்டு அடிக்கோலால் புறங்கையில் தட்டுவார். காட்டுப்பூனை மாதிரி நகம் வளர்த்திருக்கிறாய் என்று. நான் அழுதுகொண்டே வந்து சொல்வேன். சனிக்கிழமைதோறும் என்னைப் பிடித்து உட்காரவைத்து, சதை தெரிய ஒட்ட நகம் வெட்டுகிற அம்மா, சித்தப்பா வண்டி வாங்கிய நாளிலிருந்து, "அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். வேலை அதிகம், அம்மா மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.